கேட்காமலே எழுதிய தீர்ப்பு

புனேயின் ஐ.டி. பகுதியான ஹிஞ்சேவாடியில் வேலை பார்க்கும் தமிழர்களில் சிலர், எண்பதுகளில் மலேசியா, சிங்கப்பூர், இந்தோனேசியா நாடுகளில் வெளியான ஹெவி மெட்டல் கேசட்டுகளையும் இசைத்தட்டுகளையும் தேடித் தேடிச் சேர்க்கிறார்கள். அவர்களைக் குறிவைத்து, சென்ற இதழில் ஒரு கட்டுரை வந்திருக்கிறது. அந்தச் சிலரில் நானும் ஒருவன் என்பதால் பதில் சொல்லும் கடமை எனக்கு இருக்கிறது. மென்மையாகச் சொல்ல விருப்பமில்லை. அந்தக் கட்டுரையில் தகவல் தவறு, வாதமும் தவறு. இரண்டையும்விட மோசமானது, தான் கேட்டேயிராத இசையைக் குப்பை என்று சொல்லத் துணிகிற திமிர்.

கட்டுரையாளர் சொல்வது இதுதான். அந்தக் குழுக்கள் எம்டிவியில் அயர்ன் மெய்டனையும் ஜூடாஸ் பிரீஸ்டையும் பார்த்து அப்படியே நகலெடுத்தவை. நகலைச் சேர்ப்பவன் ரசிகன் இல்லை, காசு மிஞ்சியவன். பாட்டுத்தான் வேண்டுமென்றால் போனில் கிடைக்கிறது, பூஞ்சை பிடித்த நாடா எதற்கு? கடைசியாக, புனேயில் உட்கார்ந்திருக்கும் தமிழனுக்கும் மலாய் ராக் பாட்டுக்கும் என்ன சம்பந்தம்?

முதலில் தகவலைப் பார்ப்போம், ஏனென்றால் கட்டடம் முழுக்க அதன்மேல்தான் நிற்கிறது.

செர்ச் குழுவை அவர் இந்தோனேசியக் குழு என்று எழுதுகிறார். செர்ச் 1981-இல் ஜோகூர் பாருவில் உருவான குழு. 1985-இல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பம் ‘சிந்தா புவாத்தான் மலேசியா’. நாட்டின் பெயர் அட்டையிலேயே இருக்கிறது. அட்டையை ஒருமுறை பார்த்திருந்தால்கூட இந்தத் தவறு நேர்ந்திருக்காது. 1989-இல் வந்த ‘ஃபெனோமெனா’ ஆல்பத்தின் ‘இசபெல்லா’ பாட்டு இந்தோனேசியாவில் பட்டிதொட்டியெல்லாம் ஒலித்தது. மறு வருடம் அதே பெயரில் வந்த படத்தில் பாடகர் ஏமிக்கு ஜோடியாக நடித்தவர் நியா சுல்கர்னாயென் என்ற இந்தோனேசிய நடிகை. கட்டுரையாளரின் குழப்பம் அங்கிருந்து வந்திருக்கலாம். யாரோ சொன்ன ஒரே ஒரு பாட்டின் பெயரை வைத்துக்கொண்டு மூன்று நாடுகளின் ஒரு தலைமுறைக்கே தீர்ப்பு எழுதியிருக்கிறார்.

அடுத்தது எம்டிவி. எம்டிவி ஆசியா ஒளிபரப்பைத் தொடங்கியது 1991 செப்டம்பரில். அதற்குள் செர்ச் ‘லாங்கிட் டான் பூமி’, ‘மென்தாரி மேரா டி உஃபுக் தீமூர்’ என்று வரிசையாக ஆல்பங்களை வெளியிட்டுப் புகழின் உச்சத்துக்குப் போய்விட்டது. மலேசியாவின் விங்ஸ் குழுவின் ‘பெலெங்கு இராமா’ 1987-இல் வந்தது, ‘ஹுக்கும் கர்மா’ 1988-இல். இடக்கையால் கிதார் வாசிக்கும் மான் கிடாலின் லெஃப்ட்ஹேண்டட் குழு ‘கெஆடிலான்’ ஆல்பத்தைப் போட்டதும் எண்பதுகளில்தான். சிங்கப்பூரின் ஸ்வீட் சாரிட்டி தன் முதல் ஆல்பத்தை 1979-லேயே வெளியிட்டுவிட்டது. ஜகார்த்தாவின் காட் பிளெஸ் 1973-இல் தொடங்கிய குழு. 1975 டிசம்பரில் டீப் பர்ப்பிள் ஜகார்த்தாவுக்கு வந்தபோது அவர்களுக்கு முன்னால் மேடையேறியது இந்தக் குழுதான். ஆசியாவில் எம்டிவி என்ற பேச்சே இல்லாத காலத்தில் நடந்தவை இவை. ‘எம்டிவி பார்த்து நகலெடுத்தார்கள்’ என்ற வாக்கியத்தை எடுத்துவிட்டால் அவருடைய கட்டுரையின் முதல் பாதிக்கு அடித்தளமே இல்லை.

சரி, எம்டிவி இல்லை, கப்பலில் வந்த இசைத்தட்டைக் கேட்டுத்தானே கற்றார்கள், அதுவும் நகல்தானே என்று அவர் கேட்கலாம். கேட்டுக் கற்றார்கள், உண்மை. கேட்டுக் கற்பது நகல் என்றால் இந்த வாதத்தைத் தமிழ்நாட்டில் வைத்துக்கொண்டு அவர் எங்கே போவார்? முத்துசுவாமி தீட்சிதர் ஆங்கிலேயர்களின் பாண்டு மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்கு சமஸ்கிருத சாகித்தியம் எழுதினார். ‘சந்ததம் பாஹிமாம்’ பிரிட்டிஷ் அரச வாழ்த்தின் மெட்டில் அமைந்தது. அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பியரிடம் வயலின் கற்று அதைக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தார். இன்று வயலின் இல்லாத கச்சேரி மேடையைக் கட்டுரையாளரால் நினைத்துப் பார்க்க முடியுமா? அந்நிய வாத்தியம் என்று சொல்லி அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஆர்மோனியத்தை ஒதுக்கிவைத்திருந்தது. அந்தத் தடையை இன்று யாரும் பெருமையாகப் பேசுவதில்லை. வாத்தியம் எங்கிருந்து வந்தது என்று பார்த்து இசைக்கு மதிப்பெண் போடும் அந்தப் பழைய வானொலி அதிகாரியின் நாற்காலியில்தான் நம் கட்டுரையாளர் இப்போது வந்து உட்கார்ந்திருக்கிறார்.

செர்ச் ஆல்பத்தை உண்மையிலேயே கேட்டால் என்ன தெரியும் என்று சொல்கிறேன். கிதார் ரிஃப் பர்மிங்காமில் பிறந்தது, அதில் சந்தேகமில்லை. டிரம்ஸும் அங்கிருந்து வந்ததுதான். ஆனால் ஏமி பாடத் தொடங்கியதும் பாட்டு வேறு இடத்துக்குப் போய்விடுகிறது. ஒரு சொல்லின் கடைசி உயிரெழுத்தைப் பிடித்து மேலே இழுத்து, அங்கேயே லேசாக நடுங்கவிட்டு, பிறகு சறுக்கிக் கீழே இறக்குகிற அந்தப் பாங்கு பழைய மலாய்ப் பாட்டுக்காரர்களிடமிருந்து வந்தது. ஜூடாஸ் பிரீஸ்டின் ராப் ஹால்ஃபோர்ட் அப்படிப் பாடியதில்லை. மெதுவான பாட்டுகளில் இது இன்னும் துலக்கம். மலேசியாவில் ‘ராக் காப்பாக்’ என்று பெயர் பெற்ற இந்த வகையில் பாதி, காதல் தோல்வியில் உருகுகிற மெதுநடைப் பாட்டுகள்தான். லண்டன் மெட்டல் ரசிகன் அதைக் கேட்டு முகம் சுளிப்பான். அவன் முகம் சுளிக்கிற இடம்தான் அந்த இசை தன் ஊரைச் சேர்ந்ததாக மாறிய இடம். ஆரம்ப ஆல்பங்களில் ஏமிக்குப் பக்கத்தில் நின்று கிதார் வாசித்தவர் ஹிலரி ஆங் என்ற சீனர். 1969 கலவரத்துக்குப் பிறகு மலாய்க்காரரும் சீனரும் தனித்தனியாக வாழப் பழகிக்கொண்ட ஒரு நாட்டில், மலாய்ப் பாட்டுக்கு சீனரின் கிதார். இதுவும் எங்கிருந்தோ நகலெடுத்ததா?

கட்டுரையாளர் தொடாமல் தாண்டிப் போன விஷயம்தான் எனக்கு முக்கியம்: இவர்கள் தங்கள் மொழியில் பாடினார்கள்.

அதே எண்பதுகளில் இந்தியாவில் என்ன நடந்தது? மும்பையில் 1984-இல் ராக் மெஷீன் தொடங்கியது. 1988-இல் ‘ராக் அண்ட் ரோல் ரெனிகேட்’ வந்தது. பெங்களூரில் மில்லேனியம் வந்தது. மும்பையில் 1986 முதல் இண்டிபெண்டன்ஸ் ராக் விழா நடந்தது. எல்லாம் நல்ல குழுக்கள், துணிச்சலான குழுக்கள். எல்லாமே ஆங்கிலத்தில் பாடின. கேட்டவர்கள் கல்லூரி விழாக்களுக்குப் போகிற, ஆங்கிலம் படித்த பிள்ளைகள். சென்னையிலும் அதே கதைதான். கனத்த கிதாரை எடுத்து, தமிழில் பாடி, ஆலையிலும் பட்டறையிலும் வேலை பார்க்கிற பையனிடம் கொண்டுபோகலாம் என்று அன்று நம்மில் யாருக்கும் தோன்றவில்லை. ஜோகூரிலும் சுரபாயாவிலும் தோன்றியது, செய்தும் காட்டினார்கள்.

யாருக்காகச் செய்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். பினாங்கின் பாயான் லெப்பாஸில் 1972-இல் சுதந்திர வர்த்தக வலயம் வந்தது. அதைத் தொடர்ந்து கிள்ளான் பள்ளத்தாக்கிலும் ஜோகூரிலும் ஆலைகள் பெருகின. கிராமத்து மலாய்ப் பிள்ளைகள், ஆணும் பெண்ணும், மின்னணு ஆலைகளுக்கு ஷிப்டு வேலைக்கு வந்தார்கள். ஒரே வீட்டில் நெருக்கியடித்துத் தங்கினார்கள். செர்ச்சையும் விங்ஸையும் உச்சியில் தூக்கிவைத்தவர்கள் அவர்கள். மாட் ராக் என்றும் மீனா ராக் என்றும் மலேசியப் பத்திரிகைகள் இளக்காரமாக எழுதியதும் அவர்களைப் பற்றித்தான். இந்தோனேசியாவில் இசை நிகழ்ச்சி ஏற்பாட்டாளர் லோக் செலெபோர் 1984-இல் சுரபாயாவில் தொடங்கிய ராக் விழாவுக்குக் கிழக்கு ஜாவாவின் சிறு நகரங்களிலிருந்தெல்லாம் குழுக்கள் போட்டிக்கு வந்தன. ஜகார்த்தாவின் பணக்காரப் பிள்ளைகளுக்காக நடந்த விழா அல்ல அது.

ஹிஞ்சேவாடிக்காரனுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறவர் ஹிஞ்சேவாடியில் ஒரு மாதம் வந்து தங்கட்டும். இந்த ஐ.டி. பூங்கா மாண், ஹிஞ்சேவாடி கிராமங்களின் வயல்கள்மேல் எழுந்தது. கரும்பும் நெல்லும் விளைந்த இடத்தில் மூன்று கட்டங்களாகக் கண்ணாடிக் கட்டடங்கள், அவற்றைச் சுற்றி பி.ஜி. விடுதிகள். தஞ்சாவூரிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் வந்தவர்கள் ஓர் அறையை மூன்று பேராகப் பகிர்ந்துகொண்டு, நைட் ஷிப்டு முடித்து, பகலில் திரையை இழுத்துவிட்டுத் தூங்குகிறார்கள். எங்கள் சம்பளம் அந்த ஆலைத் தொழிலாளியின் சம்பளம் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் ஊரைவிட்டு வந்து, மொழி தெரியாத இடத்தில், இயந்திர நேரத்துக்கு உடம்பைப் பழக்கிக்கொண்ட இளைஞன் இரவில் கேட்கிற பாட்டு எப்படி இருக்க வேண்டும் என்பது எங்களுக்குப் புரியும். அதற்கு மலாய் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

அந்த இசையைச் சொந்த நாட்டு அரசுகளே எப்படி நடத்தின என்பதைக் கட்டுரையாளர் அறிந்திருந்தால், குப்பை என்ற சொல்லை எடுக்கும் முன் கை கூசியிருக்கும். சிங்கப்பூரில் 1970-களில் நீளமுடி வைத்த ஆண்களுக்கு அரசு அலுவலகங்களில் கடைசியாகத்தான் சேவை என்று சுவரொட்டியே ஒட்டினார்கள். மலேசியாவில் நீளமுடி ராக் பாடகர்களை அரசுத் தொலைக்காட்சி ஒதுக்கிவைத்தது. 1992-இல் தகவல் அமைச்சர் முகமது ரஹ்மத், செர்ச்சின் ஏமியுடைய முடியையும் விங்ஸின் ஆவியுடைய முடியையும் கேமராக்கள் முன்னால் தன் கையாலேயே வெட்டினார். நாட்டின் மிகப் பெரிய இரண்டு பாடகர்கள் தலைகுனிந்து உட்கார, அமைச்சர் கத்தரிக்கோலோடு நின்றார். தன் பாடகர்களை இப்படி நடத்திய அரசு அவர்களுடைய மாஸ்டர் நாடாக்களைக் குளிரூட்டிய அறையில் பாதுகாக்கும் என்று யார் எதிர்பார்க்க முடியும்?

காலம் மாறியது. ஸ்வீட் சாரிட்டியில் நீளமுடியோடு பாடிய ராம்லி சாரிப், 2019-இல் சிங்கப்பூரின் தேசிய கீதத்தைப் புதிய இசையமைப்பில் பாடினார். இந்தோனேசியாவின் அதிபராக இருந்த ஜோக்கோ விடோடோ மெட்டல் ரசிகர். 2017-இல் டென்மார்க் பிரதமர் அவருக்கு மெட்டாலிக்காவின் ‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’ இசைத்தட்டுத் தொகுப்பைப் பரிசளித்தார். அதை ஊழல் ஒழிப்பு ஆணையத்திடம் முறையாக ஒப்படைத்த அவர், பிறகு 1.1 கோடி ருபியா தன் கைக்காசைக் கட்டி மீட்டுக்கொண்டார். பதவியில் இருக்கும் ஓர் அதிபர் இசைத்தட்டுக்காகக் காசு கட்டியதை இந்தோனேசியாவில் யாரும் அற்பம் என்று சொல்லவில்லை. ஹிஞ்சேவாடி ஊழியன் ஒரு கேசட்டுக்குக் காசு கொடுத்தால் நம் கட்டுரையாளருக்கு அது அற்பமாகப்படுகிறது.

போனில் எல்லாம் கிடைக்கிறது என்கிறார். கிடைப்பதில்லை. பெரிய குழுக்களின் பெரிய பாட்டுகள் கிடைக்கின்றன. உரிமை யாரிடம் இருக்கிறதோ அவர்கள் போட விரும்பியது கிடைக்கிறது. செர்ச்சை வெளியிட்ட பாலிகிராம் நிறுவனமே இன்று இல்லை. 1998-இல் அது கைமாறி யுனிவர்சலுக்குள் கரைந்துவிட்டது. அந்த யுனிவர்சலின் ஹாலிவுட் கிடங்கில் 2008-இல் தீப்பிடித்து எத்தனையோ அமெரிக்கக் கலைஞர்களின் மாஸ்டர் நாடாக்கள் சாம்பலாயின. உலகத்தின் மிகப் பணக்கார இசை நிறுவனத்தின் நிலை அதுவென்றால், எண்பதுகளில் ஜோகூரின் ஒரு சின்ன லேபிளுடைய நாடாக்களுக்கு யார் பொறுப்பு? சிங்கப்பூரின் ஆபோரர் போன்ற குழுக்கள் 1989-இல் தாங்களே பதிவுசெய்து தபாலில் அனுப்பிய டெமோ கேசட்டுகளுக்கு மாஸ்டர் என்று தனியாக ஒன்றைத் தேடி எங்கே போவது? கையில் இருக்கிற கேசட்டுதான் எஞ்சிய ஆவணம்.

இசைத்தட்டுத்தான் அசல், கேசட்டு மலிவான பிரதி என்று அவர் எழுதியிருப்பதும் அறியாமை. இந்தோனேசியாவில் எழுபதுகளின் நடுவிலேயே இசைத்தட்டின் இடத்தைக் கேசட்டு பிடித்துவிட்டது. காட் பிளெஸ் குழுவின் ‘செமுட் ஹித்தாம்’ 1988-இல் ரசிகன் கைக்கு வந்தது கேசட்டாகத்தான். அங்கே கேசட்டுதான் முதல் பதிப்பு.

கேசட்டை வாங்கி அலமாரியில் அடுக்குவதோடு வேலை முடிவதில்லை என்பதும் அவருக்குத் தெரியவில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஹிஞ்சேவாடியில் விடாத மழை, சுவரெல்லாம் ஈரம். நாற்பது வருடம் கடல்காற்றில் இருந்துவிட்டு வந்த கேசட்டை அப்படியே டெக்கில் போடக் கூடாது. கேசட்டு ஓட்டின் சாளரம் வழியாக நாடாச் சுருளின் விளிம்பைப் பார்க்க வேண்டும். வெள்ளைப் பொடியாகத் தெரிந்தால் பூஞ்சை. அதை ஓட்டினால் டெக்கின் ஹெட்டிலும் பரவி அடுத்த கேசட்டையும் கெடுக்கும். நாடாவின் பின்னால், செம்புத் தகட்டில் ஒரு சின்னக் கம்பளித் துண்டு ஒட்டியிருக்கும். நாடாவை ஹெட்டோடு அழுத்திப் பிடிப்பது அதுதான். பழைய பசை காய்ந்து அது உதிர்ந்திருந்தால் ஒலி மங்கி மங்கி வரும். திருகாணி போட்ட ஓடென்றால் கழற்றிச் சரிசெய்யலாம். ஒட்டி மூடிய ஓடென்றால் விளிம்பில் கத்தியை வைத்து மெல்லப் பிளந்து, இரண்டு சுருளையும் நாடா முறுக்கிக்கொள்ளாமல் வேறு ஓட்டுக்கு மாற்ற வேண்டும். ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை அதற்கே சரியாகப் போய்விடும். பிறகு டெக்கின் ஹெட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் திருகை ஸ்க்ரூடிரைவரால் மயிரிழை மயிரிழையாகத் திருப்பிக் கேட்க வேண்டும். சரியான கோணம் வந்ததும், அதுவரை போர்வைக்குள்ளிருந்து கேட்டது போலிருந்த சிம்பல் ஓசை பளிச்சென்று திறக்கும். அந்த நொடியில்தான் கணினியில் பதிவைத் தொடங்குவோம், ஏனென்றால் அந்த நாடா இன்னொரு முறை ஓடுமா என்று உறுதியில்லை. உள்ளட்டையையும் விரித்து ஸ்கேன் செய்வோம். யார் பாஸ் வாசித்தார், எந்த ஸ்டுடியோ, ஒலிப்பதிவாளர் யார் என்பதெல்லாம் பொடி எழுத்தில் அங்கேதான் இருக்கும். போனில் வரும் பாட்டில் அந்தப் பெயர்களுக்குப் பெரும்பாலும் இடமில்லை.

தமிழனுக்கு என்ன சம்பந்தம் என்ற கேள்விக்கு வருகிறேன். கட்டுரையில் என்னை உண்மையாகவே கோபப்படுத்திய வரி அதுதான். இந்தக் கேள்வியைக் கேட்கத் தமிழக வரலாற்றில் ஒரு பெரிய பகுதியை மறந்திருக்க வேண்டும். எம்.வி. சிதம்பரம் கப்பல் சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடிக்கொண்டிருந்தது. 1985 பிப்ரவரியில் அதில் தீப்பிடித்துப் பலர் இறந்த பிறகுதான் அந்தப் போக்குவரத்து நின்றது. எங்கள் கீழத்தஞ்சையில் சபுர், அதாவது கடல் கடந்து பிழைக்க, போன ஆள் இல்லாத தெருவே கிடையாது. டூ-இன்-ஒன், கேசட்டு, தைலம், கைலி எல்லாம் அவர்கள் கொண்டுவந்த பெட்டிகளில்தான் வந்தன. சென்னை பர்மா பஜார் கடைகளில் தொங்கிய டேப்ரெக்கார்டர்கள் வந்த வழியும் அதுதான். 1987-இல் சட்டம் இறுகும்வரை திருட்டுக் கேசட்டுக்கு உலகத் தலைநகரமாக இருந்தது சிங்கப்பூர். அந்தக் கேசட்டு வெள்ளத்தில் ஒரு வாய்க்கால் நம் வீடுகளுக்குள்ளும் பாய்ந்தது.

என்னிடம் விங்ஸின் ‘ஹுக்கும் கர்மா’ கேசட்டு ஒன்று இருக்கிறது. ஏலத்தில் எடுத்தது இல்லை, ஜோகூரில் வேலை பார்த்த என் மாமாவின் கேசட்டு. அழித்துப் பதியாமல் இருக்க மேல்விளிம்பில் உடைத்து வைக்கிற சின்னக் கண்ணியின் இடத்தில் செல்லோடேப் ஒட்டியிருக்கிறது. அதாவது யாரோ அதன்மேல் பதிந்திருக்கிறார்கள். இரண்டாம் பக்கத்தில் ஒரு பாட்டின் நடுவே கிதார் சட்டென்று அறுந்து, மாமாவின் குரல் வருகிறது. தன் அம்மாவிடம் பேசுகிறார். மழை பெய்ததா, மாடு கன்று போட்டதா, அனுப்பிய பணம் கைக்கு வந்ததா, தங்கச்சிக்கு இடம் பார்த்தது என்ன ஆயிற்று. வெற்றுக் கேசட்டு கையில் இல்லாத ஒரு நாளில் தனக்குப் பிடித்த கேசட்டின்மேலேயே பேசி ஊருக்குக் கொடுத்தனுப்பியிருக்கிறார். பேச்சு முடிந்ததும் அதே பாட்டின் சோலோ பாதியிலிருந்து தொடர்கிறது. வீட்டில் எல்லோரும் அதைச் சுற்றி உட்கார்ந்து கேட்டார்களாம். பேச்சு முடிந்த பின்னும் யாரும் நிறுத்தவில்லை, பாட்டும் ஓடியது என்று அம்மா சொல்லுவாள். மலாய் ராக் ஒரு தமிழ் வீட்டுக் கூடத்தில் ஒலித்த கதை இது. கடல் கடந்து ஆள் அனுப்பிய வீடுகளில் பரணைத் துழாவினால் இன்னும் இப்படிக் கிடைக்கும்.

அந்தச் சிங்கப்பூரிலேயே, ஆபோரர் வந்த அதே வட்டத்திலிருந்து, 1992-இல் ருத்ரா குழு எழுந்தது. பாஸ் வாசித்துப் பாடும் கதிர் தமிழர். வேதாந்தத்தையும் சமஸ்கிருத மந்திரங்களையும் டெத் மெட்டலோடு சேர்த்து ‘வேதிக் மெட்டல்’ என்று பெயர் வைத்தார்கள். 1998-இல் முதல் ஆல்பம், 2005-இல் ‘பிரம்மவித்யா’. உலக மெட்டல் ரசிகர்களிடையே பேர் வாங்கிய ஒரு தமிழரின் குழு எந்த மண்ணில் முளைத்தது என்று அறிய எண்பதுகளின் சிங்கப்பூர் கேசட்டுகளைக் கேட்காமல் வேறு வழி என்ன? கட்டுரையாளரின் தமிழர்களில் கதிருக்கு இடமில்லையா?

பழையதையெல்லாம் காக்க வேண்டியதில்லை, தகுதி உள்ளதைக் காத்தால் போதும் என்றும் ஒரு வரி எழுதியிருக்கிறார். இதைப் புனேயில் வாழ்கிற என்னிடம் சொல்கிறார். இங்கே லா காலேஜ் ரோட்டில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் இருக்கிறது. 1964-இல் தொடங்கிய அந்தக் காப்பகத்தைத் தன் வாழ்நாளெல்லாம் கட்டியெழுப்பியவர் பி.கே. நாயர். தரம் பிரித்து எடுக்காமல், கிடைத்த படத்தையெல்லாம் எடுத்து வைத்தார். அதனால்தான் பால்கேயின் சுருள்கள் மிஞ்சின. நாகர்கோவில் சுந்தர்ராஜ் தயாரித்த 1933-இன் ‘மார்த்தாண்ட வர்மா’ பதிப்புரிமை வழக்கில் முடங்கி ஒரு பதிப்பகத்தின் கிடங்கில் கிடந்தது. 1974-இல் காப்பகம் அதை மீட்டது. நடராஜ முதலியாரின் மௌனப் படம் ‘கீசக வதம்’ இன்று இல்லை. 1931-இன் ‘காளிதாஸ்’ இல்லை. நம் முதல் பேசும் படத்தை நாம் தொலைத்துவிட்டு நிற்கிறோம். அன்றைக்கும் யாரோ ஒருவர், இது பம்பாய்ப் படங்களைப் பார்த்து எடுத்த நகல், இதை எதற்கு வைத்துக்கொண்டு என்று நினைத்திருப்பார்.

கோட்டையூர் ரோஜா முத்தையாவுக்கு அரசு சம்பளம் கொடுக்கவில்லை. நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை என்று அடுத்தவர் எடைக்குப் போடுவதையெல்லாம் சேர்த்தார். அந்தச் சேகரிப்பின்மேல் 1994-இல் சென்னையில் எழுந்த நூலகம் இல்லாமல் இன்று தமிழ் அச்சு வரலாற்றை எழுத முடியாது. தனிமனிதனின் சேகரிப்புப் பைத்தியத்தால் பிழைத்த பண்பாடு நம்முடையது. அந்தப் பைத்தியத்தைப் பழிக்கும் உரிமை தமிழ் எழுத்தாளனுக்குக் கடைசியாகத்தான் வர வேண்டும்.

அவருடைய ஒரு குற்றச்சாட்டில் மட்டும் சாரம் இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் விலையை ஏற்றிவிட்டால் ஜோகூரில் இருக்கும் ரசிகன் தன் ஊர் இசையையே வாங்க முடியாமல் போகும் என்கிறார். நடக்கக்கூடியதுதான். கேசட்டை வாங்கிப் பிரிக்காமல், ஓட்டாமல், யாருக்கும் கேட்கக் கொடுக்காமல், விலை ஏறட்டும் என்று பூட்டி வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களை நானும் வெறுக்கிறேன். ஆனால் கட்டுரையாளர் அவர்களைப் பிரித்துச் சொல்லவில்லை, ஒரே கோணியில் எல்லோரையும் போட்டுக் கட்டிவிட்டார். ஜகார்த்தாவில் 2013 முதல் இயங்கும் இராமா நுசாந்தாரா என்ற அமைப்பு, இந்தோனேசிய வெகுஜன இசையை டிஜிட்டலாக்கிப் பொதுவில் வைக்கிறது. அவர்கள் கையேந்தி நிற்பது தனியார் சேகரிப்பாளர்களிடமும் பழைய இசைத்தட்டு வியாபாரிகளிடமும்தான். 2011-இல் நவ்-அகெய்ன் லேபிள் வெளியிட்ட எழுபதுகளின் இந்தோனேசிய ராக் தொகுப்புக்கும் மூலம் சேகரிப்பாளர்கள் காத்துவைத்திருந்த பிரதிகளே. நாங்கள் ஹிஞ்சேவாடியில் செய்வது அதைவிடச் சிறிய வேலை. ஆனால் பதிவுசெய்த ஒலியையும் உள்ளட்டைப் படங்களையும் கேட்கிறவர்களுக்கெல்லாம் இலவசமாகக் கொடுக்கிறோம், மலேசியாவில் இருப்பவர்களுக்கு முதலில். இதை எங்களில் யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்துகொண்டிருக்கலாம். கட்டுரை எழுதும் முன் அவர் யாரிடமும் கேட்கவில்லை.

செர்ச் எந்த நாட்டுக் குழு, எம்டிவி ஆசியா எந்த ஆண்டு வந்தது, இந்தோனேசியாவில் கேசட்டின் இடம் எது என்ற மூன்றுக்கும் அவர் அடுத்த இதழில் தன் பெயரிலேயே திருத்தம் எழுத வேண்டும். ‘கெஆடிலான்’ பதிவு என்னிடம் இருக்கிறது. திருத்தம் எழுத உட்காரும் முன் அவர் கேட்க விரும்பினால் அன்றைக்கே அனுப்பிவைக்கிறேன்.